மார்கழி லீவில் ஒரு நாளாவது குடும்பமாக வெளியே போவோம்

(பொல்பிட்டிய தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மார்கழி வந்தால் நம்ம லயங்களில் ஆள் கூடும். கொழும்பில் கடையிலும், வீட்டு வேலையிலும், கார்மென்டிலும் இருக்கும் பிள்ளைகள் நத்தாருக்கு வருவார்கள், சிலர் பொங்கலுக்கு வருவார்கள். வந்தால் நாலு நாள். அந்த நாலு நாளும் எப்படிப் போகிறது என்று நலன்புரி வேலையில் இருக்கும் நாங்கள் வருஷா வருஷம் பார்க்கிறோம். மகன் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். தகப்பன் சந்தியில் இருப்பார், எதுக்கு என்று சொல்லத் தேவையில்லை. தாய் அடுப்படியை விட்டு வரமாட்டாள். ஐந்தாம் நாள் பிள்ளை பஸ் ஏறும்போதுதான், "பிள்ளையோட ஒரு வார்த்தை நல்லா பேசலையே" என்று அழுகை. வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் தாய்மாரின் பாடு இதைவிடக் கஷ்டம். பெற்ற பிள்ளையே அம்மாவைக் கண்டு அப்பாயிக்குப் பின்னால் போய் ஒளியுது.

ஒரே காம்பராவுக்குள் ஏழெட்டுப் பேர் இருந்துகொண்டு மனம் விட்டுப் பேச முடியாது. சேர்ந்து நடந்தால் பேச்சு தானாக வரும். அதனால்தான் வெளியே போங்கள் என்கிறோம்.

எங்கே போறது, காசு எங்கே என்று கேட்பீர்கள். சில பேருக்கு நுவரெலியா ஆசை. ஜனவரியில் வானம் தெளிவான இரவுகளில் அங்கே துகள் உறைபனி விழும். வெளியூர்க்காரர் படம் எடுக்க ஓடி வருகிறார்கள். அந்தப் பனியில் கொழுந்து கருகினால் என்ன ஆகும் என்று நமக்குத்தானே தெரியும். வேன் பிடித்து, பாட்டுப் பெட்டி கட்டி, போத்தலோடு போகிற பயணத்தை நாங்கள் பயணம் என்றே சொல்லமாட்டோம். கடன்தான் மிஞ்சும்.

நமக்குப் பக்கத்திலேயே சிவனொளிபாதமலை இருக்கிறது. 1969இல் ஓடத் தொடங்கிய நம்ம பொல்பிட்டிய மின்நிலையத்துக்கும் 'சமனல' என்றுதான் பெயர். சிங்களத்தில் அந்த மலையின் பெயர் அது. மார்கழிப் பௌர்ணமிக்குத் தொடங்கும் யாத்திரை வெசாக் பௌர்ணமி வரை நடக்கும். தென்மேற்குப் பருவ மழையும் காற்றும் இல்லாத மாதங்கள் இவைதான். நாம் சிவன் பாதம் என்கிறோம், சிங்களவர் புத்தர் பாதம் என்கிறார்கள், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்கிறார்கள். எல்லாரும் ஒரே படியில்தான் ஏறுகிறார்கள்.

நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கு மேல் படி. முதலில் சீதகங்குலவில் முகம் கழுவிவிட்டுப் போவார்கள். மேலே இந்திகட்டுபானவில் ஊசியில் வெள்ளை நூல் கோத்து, இழுத்துக்கொண்டே ஏறுவார்கள். அந்த நூலைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள், களைப்பே தெரியாமல் ஏறும். உச்சியில் மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். அப்பாயி பத்துத் தடவை அடிக்க, முதல் தடவை வந்த பேரன் ஒன்றே ஒன்று அடித்துவிட்டு வாயைப் பிளந்து நிற்பான். பழைய கதை எல்லாம் அங்கேதான் வெளியே வரும். வாயே திறக்காத மகன்கூட அந்தப் படியில் அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறான்.

பொல்பிட்டிய பள்ளத்துக் குளிரை நினைத்து மெல்லிய சட்டையோடு போகாதீர்கள். 2243 மீட்டர் உயரம், விடியப்புறம் பல் கிட்டிக்கும். கம்பளி, காதுக்குத் துணி, டோர்ச் லைட், ரொட்டியும் சம்பலும், பிளாஸ்கில் தேத்தண்ணி, இவ்வளவும் போதும். நெஞ்சு வருத்தம், இழுப்பு உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டுவிட்டு வரவும். கொண்டுபோகும் சொப்பிங் பேக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள், மலையில் போடாதீர்கள்.

மலை ஏற முடியாதவர்கள் லக்சபான நீர்வீழ்ச்சி பக்கம் போகலாம், தூர நின்று பார்க்கலாம். ஆனால் ஆற்றில் இறங்குவதைப் பற்றி நாங்கள் கடுமையாகவே சொல்கிறோம். இது சும்மா ஓடுகிற ஆறு இல்லை. மேலே நீர்த்தேக்கத்தில் கதவு திறந்தாலும், மின்நிலையத்திலிருந்து தண்ணீர் விட்டாலும், இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறிவிடும். பாறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கரைக்கு வர நேரம் இருக்காது. நீந்தத் தெரியும் என்கிற பொடியன்களைத்தான் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். குடித்தவர் யாரும் தண்ணீர்ப் பக்கம் போகவே வேண்டாம், தகப்பனாக இருந்தாலும் சரி, மாமனாக இருந்தாலும் சரி.

ரெண்டுக்கும் வசதிப்படாத வீடுகளில், ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்தில் அப்பாமாரும் பிள்ளைகளும் ரெண்டு பக்கமாகப் பிரிந்து எல்லே விளையாடுங்கள். தாய்மாரும் மட்டை பிடிக்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

மலைக்குக் குடும்பமாக வர நினைப்பவர்கள் பிள்ளைக்காம்பராவில் பேர் கொடுங்கள். பொடியன்கள் மட்டும் தனியாக வரும் பேரை எழுத மாட்டோம். மஸ்கெலியா போய் அங்கிருந்து நல்லதண்ணி பஸ் ஏறுவோம். இரவு ஏறத் தொடங்கினால் உதயத்துக்கு உச்சியில் நிற்கலாம். சூரியன் வந்ததும் எதிர்ப்பக்கம் திரும்பிப் பாருங்கள், மலையின் முக்கோண நிழல் பனிமேல் விழுந்து கிடக்கும்.