பந்தல் பிரிக்குமுன் கூலி

(முள்ளிவாய்க்காலில் கூடிய தொழிலாளர் மத்தியில் நிகழ்த்திய உரை)



வன்னியிலே விழாக்காலம் வந்துவிட்டால் இரவு பகலாகின்றது. வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் முதற்கொண்டு ஊர்தோறும் திருவிழா, இசை நிகழ்ச்சி, நாடகம் என்று மேடைகள் எழுகின்றன. பாடியவர் பெயர் சுவரொட்டியில் இருக்கின்றது. நடித்தவர் கழுத்தில் மாலை விழுகின்றது. ஆனால் மேடைக் கம்பிகளைத் தோளிற் சுமந்தவன், மின்பிறப்பாக்கியின் அருகே விடிய விடியக் கண்விழித்தவன், பாடகருக்குப் பின்னால் அமர்ந்து வாத்தியம் வாசித்தவன் ஆகியோரின் பெயர் எங்கே இருக்கின்றது? முகவர் ஒருவரின் குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றது. பல வேளைகளில் அங்கேயும் இல்லை.

கூலி கேட்கப் போனால் நடப்பது என்ன? விழாக் குழுவினர், "முகவரிடம் கொடுத்துவிட்டோம்" என்கின்றனர். முகவர், "குழு இன்னும் தரவில்லை" என்கின்றார். இருவர் வாசலுக்கும் நடந்து நடந்து, ஈற்றிலே வண்டிக் கூலிக்கும் வழியின்றி வீடு திரும்புகின்றான் உழைத்தவன்.

2009 மே மாதத்தில் இந்த மண் கண்ட பேரழிவை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அனைத்தையும் இழந்து, மீண்டும் வந்து குடியேறிய குடும்பத்துக்கு ஒரு நாட் கூலி என்பது மறுநாள் உலையில் ஏறவேண்டிய அரிசி. அது வராதபோது அடகும் கடனும் வட்டியும் வீட்டுக்குள் நுழைகின்றன. ஆதலால் இதைச் சில்லறை விவகாரம் என்று ஒதுக்க நான் உடன்படேன்.

யார் முதலாளி?

"எழுத்தில் ஒன்றுமில்லையே, எப்படி வழக்காடுவது?" என்று அஞ்சுகின்றீர்கள். 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குச் சட்டத்தைப் பாருங்கள். எழுத்தாலோ வாய்ச்சொல்லாலோ, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ உடன்படிக்கை செய்து வேலை செய்பவன் எவனும் அச்சட்டத்தின்படி தொழிலாளியே. ஒரு வேலையைத் தானே நேரில் செய்து முடிப்பதாக ஒப்புக்கொண்டவனும் அதில் அடங்குவான். முதலாளி என்ற சொல்லோ இன்னும் விரிந்தது. எவருக்காக வேலைக்கு அமர்த்தப்படுகின்றதோ அவரும் முதலாளி. அவர் சார்பில் ஆளமர்த்துபவரும் முதலாளி. எனவே, "நான் வெறும் முகவர்தானே" என்பது தப்பிச் செல்லும் வாசலாகாது. "எனக்கு இன்னும் பணம் வரவில்லை" என்பது முகவருக்கும் விழாக் குழுவுக்கும் இடையிலான கணக்கு. அந்தக் கணக்கு தீரும்வரை உழைத்தவன் பட்டினி கிடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சட்டம் தரும் கருவிகள்

1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும் தொழில்களிலே, வாரக் கூலி 3 நாளுக்குள்ளும் மாதச் சம்பளம் 10 நாளுக்குள்ளும் கொடுபடல் வேண்டும். தவறினால், தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்பி, நிலுவையைத் தண்டப்பணம் போல் அறவிடச் செய்யலாம். முறைப்பாடு கொடுக்க நீங்கள் வழக்கறிஞரை அமர்த்தவேண்டியதில்லை.

2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம், 2025 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2026 சனவரி முதல் மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா என்று வரையறுத்துள்ளது. இதற்குக் கீழே பேசிய பேரம் செல்லாது. ஊழியர் சேமலாப நிதிக்கு உழைப்பவன் பங்கு 8 வீதம். முதலாளியின் பங்கு 12 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்தவேண்டும். நாட்கூலிக்காரன் என்பதால் அந்த உரிமை அற்றுப்போவதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை! வழக்குத் தொடுக்கக் காலவரம்பு விதிக்கும் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, கூலிக்கான வழக்கை அது கொடுபடவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடுத்தல் வேண்டும். "அடுத்த திருவிழாவுக்குச் சேர்த்துத் தருகின்றேன்" என்ற இனிய சொல்லிலே மயங்கிக் காத்திருப்பவன், உரிமையின் ஆயுளைத் தானே குறைத்துக்கொள்கின்றான். சிறு தொகைக்கு முதலில் இணக்கசபைக்குச் செல்ல நேரிடலாம். அதற்கும் நாட்கள் வேண்டும்.

அண்டை நாட்டைப் பாருங்கள்

இந்தியாவிலே 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளியே கொடுத்துவிட்டுப் பின்னர் அவரிடம் அறவிட்டுக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. 1981 இல் வந்த திரைப்படத் தொழிலாளர் சட்டம், இடையாள் மூலம் ஆளெடுத்தால் தயாரிப்பாளரும் இடையாளும் சேர்ந்தே எழுத்து உடன்படிக்கை செய்யவேண்டும் என்றது. முதன்மை முதலாளியின் பொறுப்பு 2020 ஆம் ஆண்டின் தொழிற் சட்டக் கோவையிலும் இடம்பெற்றது. இத்துணைத் தெளிவான விதி நமக்கும் வேண்டும். அதைக் கேட்பது தொழிலாளர் பெயரால் பேசும் ஒவ்வோர் அரசியற் கட்சியின் கடமை.

செய்யவேண்டியவை

சட்டம் திருந்தும்வரை கைகட்டி நிற்கலாமா? முதலாவதாக, வேலை செய்த நாள், இடம், நேரம், பேசிய கூலி ஆகியவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். கைத்தொலைபேசியில் வந்த செய்தியை அழிக்காதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கல் சட்டம் அத்தகைய செய்திகளுக்குச் சான்றாகும் வழியைத் திறந்திருக்கின்றது. உடன் வேலை செய்தவனும் சாட்சியே.

இரண்டாவதாக, ஆலய பரிபாலன சபையாருக்கும் விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். முகவருக்குக் கொடுக்கும் இறுதித் தவணையை, தொழிலாளர் கையொப்பமிட்ட கூலிப் பட்டியலைக் கண்ட பின்னரே கொடுங்கள். உங்களுக்கு அதனால் ஒரு சதமும் மேலதிகச் செலவில்லை. நேர்மையான முகவருக்கும் அது பாதுகாப்பு. குழு பணம் தராமல் அலைக்கழிக்கப்படும் சிறிய முகவர்களும் நம்மிடையே உளர் என்பதை நான் மறக்கவில்லை.

மூன்றாவதாக, ஒன்றுசேருங்கள். 1935 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி ஏழு பேர் கையொப்பமிட்டால் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். இந்தக் கொட்டகையிலே அதனிலும் பன்மடங்கினர் இருக்கின்றீர்கள்.

"முகவரும் நம்மூரவர், உறவினர், முகத்தை முறிப்பதா?" என்ற தயக்கம் உங்களில் பலருக்கு உண்டு. தனியொருவன் கேட்டால் அது பகையாகத் தோன்றும்; அடுத்த விழாவுக்கு அவனை அழைக்கவும் மாட்டார்கள். சங்கம் கேட்டால் அது ஊர் வழக்கமாகிவிடும். எல்லோரையும் அழைக்காமல் விட்டு எவராலும் மேடை எழுப்ப முடியாது.

உழைத்தவன் கேட்பது பிச்சையன்று. பிறர் கையில் நிற்கும் தன் சொந்தப் பணம். இனி வன்னியிலே பந்தல் பிரிக்குமுன் கூலி கொடுபடல் வேண்டும். அதற்கான முதல் ஏழு கையொப்பங்களை இன்றே இட்டுச் செல்லுங்கள் என்று கேட்டு, என் உரையை முடிக்கின்றேன்.