கிராமப் பணமும் மக்கள் காவலும்



1957 ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம், பிராந்திய சபைகளுக்கு வரி விதிக்கவும் கடன் பெறவும் அதிகாரம் உண்டென ஏற்றது. பணத்தின் மீது அதிகாரமில்லாத சபை நீரில்லாத குளம் என்பதை நம் தலைவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர். 1958 இல் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அந்த உண்மை கைவிடப்படவில்லை.

இன்று நம் கையிலிருப்பது 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம். மூதூர், வெருகல், குச்சவெளி, தம்பலகாமம் முதலிய சபைகள் அதன்படியே இயங்குகின்றன. ஆதனவரி, சந்தைக் குத்தகை, அனுமதிக் கட்டணம் எனத் திரளும் பணம் சபை நிதியைச் சேர்கிறது. அது தவிசாளரின் பணமன்று; செயலாளரின் பணமுமன்று; உங்கள் பணம்.

அதற்குக் காவல் யார்? மாகாண உள்ளூராட்சி ஆணையாளர் வழிகாட்டுகிறார். கணக்காய்வாளர் நாயகம் கணக்கைச் சோதிக்கிறார். 2018 ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டம், முறைகேட்டால் நேர்ந்த நட்டத்தைப் பொறுப்பானவரிடமே அறவிட இடமளிக்கிறது. நன்று. ஆனால் கணக்காய்வு பெரும்பாலும் செலவு முடிந்த பின்னரே வருகிறது. மாடு மேய்ந்த பின் வேலியடைப்பதை எந்த உழவன் ஏற்பான்?

மேற்பார்வை என்னும் பெயரால் மேலிருந்து ஆளுவதும் தகாது. 2023 மார்ச்சில் நம் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே 6 இல் தேர்தல் நடைபெறும் வரை ஈராண்டுக்கு மேலாக உத்தியோகத்தர்களே அவற்றை நடத்தினர். கிழக்கு மாகாண சபையோ 2017 லேயே கலைந்துவிட்டது. வரி கொடுத்தவனின் சார்பில் எழுந்து கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லாத காலம் அது. வழிகாட்டல் வேறு, வாய்ப்பூட்டு வேறு.

ஆகவே, காவல் ஊரிலிருந்தே எழவேண்டும். சபைக் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. அதைக் கேட்டுப் பெறுங்கள். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சபைகளையும் கட்டுப்படுத்தும். வீதி ஒப்பந்தம் எத்தொகைக்கு, யாருக்கு, எவ்விதம் கொடுக்கப்பட்டது என எழுத்தில் கேளுங்கள். கணக்கறிந்த ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் சட்டத்தரணிகளும் ஆண்டுக்கொருமுறை வரவு செலவுத் திட்டத்தை விவசாயிகளுக்கு வாசித்து விளக்குவார்களாக. கேள்வி கேட்பது பகைமையன்று. நேர்மையான தவிசாளருக்கு அதுவே அரண்.

நமக்கு அதிகாரம் வேண்டுமென்று கொழும்பிடம் கேட்கிறோம். கேட்கும் உரிமை நமக்குண்டு. ஆனால் கிராமத்தின் காசைக் காக்கத் தெரியாதவர் மாகாணத்தின் கருவூலத்தைக் காப்பார் என்று யார் நம்புவர்? ஊர்க்கணக்கு நேராகட்டும், உரிமைக்குரல் ஓங்கட்டும்.