நோவுக்கு ஒரு காது



பசறை, லுணுகலை, அப்புத்தளை லயங்களில் மனநோயை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "நெஞ்சு அடைக்குது", "தலை கனக்குது", "தூக்கமே வரல்ல" என்பார்கள். மனத்தின் துயரம் உடம்பின் மொழியில் பேசுகிறது.

1926இல் திறக்கப்பட்ட அங்கொடை வைத்தியசாலையின் பெயர் நெடுங்காலம் நம்மிடையே வசைச்சொல்லாக வழங்கியது. 2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை, சிகிச்சை மாவட்டங்களுக்கும் ஊர்களுக்கும் வரவேண்டும் என்றது. அப்படி வரும்போது வைத்தியருக்கும் லயத்துக்கும் நடுவே நிற்பவர்கள் மனநலத் தாதியரும் சமூக உத்தியோகத்தர்களுமே. மாத்திரை தீர்ந்ததா, ஊசித் தவணைக்கு ஏன் வரவில்லை என்று படியேறி வந்து கேட்பவர்கள் அவர்கள். தவணை தவறுவது அலட்சியத்தால் மட்டுமல்ல. கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது.

இன்னொரு தடை மொழி. தமிழ் அறியாத வைத்தியரிடம் மனைவியின் நோவைக் கணவன் பெயர்த்துச் சொல்கிறான். அவன் குடியே அவள் நோவுக்குக் காரணமென்றால், அந்த வாக்கியம் எப்படிப் பெயர்க்கப்படும்? அவள் மௌனத்தையே நோய்க்குறிப்பில் எழுதுவார்கள்.

நம் கல்லூரிகள் ஆசிரியர்களை உருவாக்கின, கிளாக்கர்மாரை உருவாக்கின. லயத்துப் பேச்சின் உட்பொருள் அறிந்த பிள்ளைகள் இந்தப் பணிக்கும் போகட்டும். தமிழ் கற்றதன் பயன் மேடையில் மட்டுமா? நோயாளி தயங்கி விழுங்கும் சொல்லைக் கேட்டறிவதிலும் இருக்கிறது.