காலியான நாற்காலியும் சங்கத்தின் கடமையும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற நிருவாகிகள் பயிற்சியரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விழா நாளில் பதவி விலகலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணலாம். ஒரு சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடக்கிறதென்றால், தொடங்கியவர்களுள் சிலர் மறைந்திருப்பர். சிலர் பணி மாறுதலில் வெளியூர் சென்றிருப்பர். சிலர் மனம் வேறுபட்டு விலகியிருப்பர். அவ்விடங்கள் நிரம்பிக்கொண்டே வந்தமையால்தான் நாம் இன்று விழாக் கொண்டாடுகிறோம். ஆகவே இது விழாவுக்கு உரிய பொருளே.

1947 ஆகஸ்டு 29-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை வரைவுக் குழுவுக்கு ஏழு பேரை நியமித்தது. அண்ணல் அம்பேத்கர் அதன் தலைவரானார். 1948 நவம்பரில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அச்சபையிலேயே ஓர் உண்மையை எடுத்துரைத்தார். ஒருவர் விலகினார், அவரிடத்திற்கு மாற்று உறுப்பினர் வந்தார். ஒருவர் மறைந்தார், அவ்விடம் நிரப்பப்படவில்லை. ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். மற்றொருவர் அரசு அலுவல்களில் மூழ்கியிருந்தார். ஓரிருவர் தில்லிக்குத் தொலைவில் இருந்தனர். இறுதியில் வரைவுப் பணியின் சுமை அம்பேத்கர் ஒருவர்மீதே விழுந்தது என்றார் அவர்.

இதைக் கேட்டு நாம் பெருமை கொள்கிறோம். பெருமையோடு ஒரு பாடத்தையும் கொள்ள வேண்டும். நிரப்பப்படாத இடம் வெற்றிடமாகவே இருப்பதில்லை. அது யாரோ ஒருவர் தோளில் சுமையாக ஏறுகிறது. எல்லாச் சங்கத்திலும் ஓர் அம்பேத்கர் இரார். அச்சுமை ஒருவரை முறித்துவிடும். அல்லது அவரைத் தனியதிகாரி ஆக்கிவிடும். இரண்டும் சங்கத்துக்குக் கேடே.

நான் அறிந்த ஒரு சங்கத்தில், செயலாளர் கூட்டத்தின் நடுவே சினந்து, "விலகிவிட்டேன்" என்று கூறி எழுந்து சென்றார். கடிதம் இல்லை; தீர்மானமும் இல்லை. முத்திரையும் நடவடிக்கைக் குறிப்பேடும் அவர் வீட்டில் இருந்தன. காசோலைக்கு அவருடைய கையொப்பம் தேவை. கேட்டபோது, "நான் எப்போது விலகினேன்?" என்றார். இரண்டு மாதங்கள் மாணவர் விடுதிக்கு மளிகை கடனில் வந்தது. பிறகு கடைக்காரரும் கைவிரித்தார். பெரியவர்களின் கோபத்துக்குப் பிள்ளைகளின் சோறு விலையாயிற்று.

இதற்கு நம் அரசியல் சட்டமே வழிகாட்டுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் தம் கையொப்பமிட்டு எழுத்தில்தான் விலக முடியும். அது அவரே மனமொப்பி எழுதியதன்று எனத் தெரிந்தால், அவைத்தலைவர் அதை ஏற்கலாகாது என 1974-இல் 33-ஆம் திருத்தம் விதித்தது. இசைவின்றி 60 நாட்கள் கூட்டங்களுக்கு வாராதவரின் இடத்தைக் காலியென அவை அறிவிக்கலாம். ஓரிடம் காலியாக இருப்பதால் மட்டும் அவையின் நடவடிக்கை செல்லாததாகிவிடாது. பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறையாமல் எஞ்சியிருப்பின், காலியிடத்தை ஆறு மாதத்திற்குள் இடைத்தேர்தலால் நிரப்ப வேண்டும் என்பது 1996 முதல் சட்டம்.

நாட்டின் பெருமன்றத்துக்கு வேண்டிய ஒழுங்கு நம் சிறு மன்றத்துக்கும் வேண்டும். விலகல் கடிதம் நாளிட்டுத் தலைவருக்கு வரட்டும். தலைவரே விலகினால் செயலாளருக்குத் தரட்டும். அதை ஏற்குமுன் மூத்தவர் ஒருவர் அவர் வீட்டுக்குச் சென்று காரணம் கேட்கட்டும். குறை சங்கத்தினுடையது என்றால் திருத்திக்கொள்வோம். பிறகு குழு கூடித் தீர்மானம் எழுதட்டும். அதில் அவர் ஆற்றிய பணிக்கு நன்றியும் இடம்பெறட்டும். கணக்கேடு, முத்திரை, சாவி, காசோலைப் புத்தகம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு இருவர் முன்னிலையில் பெறட்டும். கையொப்ப மாற்றம் உடனே வங்கிக்குச் செல்லட்டும்.

இடத்தை நிரப்புவதில் நம் துணைவிதியே அளவுகோல். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குழுவில் மூவருக்குக் குறையலாகாது. உறுப்பினரின் பதவிக்காலம் மூன்றாண்டுகளை மீறலாகாது. குழுவில் நேரும் மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால், பின்னாளில் "யார் உண்மையான குழு?" என்ற வழக்குக்கு நாமே கதவு திறந்தவர்களாவோம்.

இன்னொன்று: காலியிடத்தைச் சொந்தக்காரரைக் கொண்டு அடைத்துவிடாதீர்கள். இந்த விடுதியில் படித்து வெளியேறிய இளைஞரும் பெண்களும் அங்கே அமரட்டும். இடம் காலியாகும்போதுதான் அவர்களுக்கு வழி பிறக்கிறது.

விலகியவர் பகைவர் அல்லர். அவர் இன்னும் நம் உறுப்பினரே. அவர் திரும்பி வருவதற்கு வாசல் திறந்திருக்கட்டும். அவர் விட்டுச்சென்ற நாற்காலி மட்டும் காத்திருக்க வேண்டா. ஆட்கள் மாறினாலும் விடுதியில் விளக்கும் அடுப்பும் அணையாதிருப்பதே சங்கத்தின் உயிர் எனக் கூறி அமைகிறேன்.