சிறைக்கு இரண்டு வாசல்



சிறை என்றதும் உள்ளே போகும் வாசல்தான் நம் நினைவுக்கு வருகிறது. வெளியே வரும் வாசலையும் சேர்த்துத் திட்டமிட்டால்தான் அது நல்ல சிறை.

இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு 1825இல் முதன்முதலாகக் கொண்டுவரப்பட்டனர். பிராஸ் பாசாவில் இருந்த சிறையில் அவர்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்தார்கள். புதியவருக்குக் காலில் விலங்கு, கடும் வேலை. ஒழுங்காக நடந்தால் வகுப்பு உயரும், விலங்கு கழலும். சிராங்கூன் சாலைப் பக்கம் செங்கல் அறுத்தார்கள். கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றார்கள். கைதிகளிலிருந்தே காவலர்களும் எடுக்கப்பட்டனர். கடைசியில் கிடைப்பது அனுமதிச் சீட்டு. அதை வைத்திருப்பவர் வெளியே தங்கிக் கூலிக்கு உழைக்கலாம். குறித்த நாளில் வந்து பெயர் கொடுத்தால் போதும். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அந்தக் கைகள் கட்டியதே. 1873இல் அந்தச் சிறை முறை முடிவுற்றது. விடுதலையானவர்களில் பலர் அங்கேயே குடியேறினர்.

இன்று சாங்கிச் சிறைக்கு வருபவரின் உடல்நலத்தையும் தேவைகளையும் முதலில் ஆராய்கிறார்கள். விடுதலையை நெருங்குவோர் சிலர், 2019இல் திறக்கப்பட்ட செலாராங் இல்லத்தில் தங்கி வெளியே வேலைக்குப் போய் வருகிறார்கள். அவர்களை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே 2004இல் மஞ்சள் ரிப்பன் திட்டம் தொடங்கப்பட்டது.

தாய்மார்களே, பெரியோர்களே! நம் லயத்துக்கும் ஒருவர் அப்படித் திரும்பி வரலாம். அவர் வேலை கேட்கப் போகும்போது கூடப் போங்கள். அவருடைய பிள்ளையின் காதுபடப் பழையதைப் பேசாதீர்கள்; அந்தப் பிள்ளை நாளை பள்ளிக்கூடம் வரவேண்டும்.