குழலின் வாயும் ஆவியின் வேகமும்



ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எங்கள் திருத்தங்கலில் பல வீடுகளில் நொச்சித் தழை கொதிக்கும் மணம் எழும். சளி பிடித்தவர் தலைமேல் போர்வையை மூடிக்கொண்டு ஆவி பிடிப்பார். இக்காலத்தில் மின்சாரத்தால் இயங்கும் ‘வேப்பரைசர்’ என்னும் சிறு கருவி அவ்வேலையைச் செய்கிறது. பானையாயினும் கருவியாயினும், வாயின் அகலம் மாறினால் ஆவியோட்டம் எவ்வாறு மாறும் என்பதை இன்று ஆராய்வோம். இப்பாடத்தை நான் முதலில் நூலிலிருந்து கற்கவில்லை. தவறு செய்து கற்றேன்.

அப்போது எனக்கு 14 வயது. என் தம்பிக்குக் கடுமையான சளி. தாயார் அடுப்பில் நொச்சிக் கலயத்தை ஏற்றிவிட்டுக் கிணற்றடிக்குச் சென்றிருந்தார்கள். அகன்ற வாயிலிருந்து எழும் ஆவியெல்லாம் வீணாகிறதே என்று எனக்கொரு யோசனை. கலயத்தின் வாயை ஒரு சிரட்டையால் மூடி, ஓரத்தை ஈரமண்ணால் பூசினேன். சிரட்டையின் கண்ணில் பப்பாளி இலைக்காம்பு ஒன்றைச் செருகி, “இதில் வாய் வைத்து இழுடா” என்றேன். சீறி வந்த ஆவி அவன் மேலுதட்டைச் சுட்டுவிட்டது. அவன் அலறல் கேட்டு ஓடிவந்த தாயார் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிலிருக்கிறது.

நடந்தது என்ன? அடுப்பின் சூடு ஒரே அளவாக இருந்தால், நிமிடத்துக்கு உண்டாகும் ஆவியும் ஒரே அளவாகவே இருக்கும். வாய் அகலமானாலும் குறுகலானாலும் அவ்வளவு ஆவியும் வெளியேறியே தீரவேண்டும். கலயத்தின் வாய் 10 சென்டிமீட்டர் விட்டம். காம்பின் துளை 1 சென்டிமீட்டர் என்று கொள்வோம். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் பரப்பு நூறில் ஒரு பங்காகும். ஆகவே ஆவியின் வேகம் நூறு மடங்காகும். அகன்ற வாயில் மெல்ல எழும் ஆவி, சுற்றியுள்ள காற்றோடு கலந்து ஆறிவிடுகிறது. குறுகிய வாயிலோ ஆறுவதற்கு நேரமே இல்லை.

அன்றியும், 100 பாகை நீராவி தோலில் பட்டு நீராகும்போது, கிராமுக்கு ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை இறக்கிவிடுகிறது. அதே கொதிநீர் 40 பாகைக்கு ஆறும்போது தருவது 60 கலோரியே. ஆவிச்சூட்டின் கொடுமைக்கு இதுவே காரணம்.

இனி மற்றொரு சோதனை. இதற்கு நெருப்பு வேண்டா. பருமனான குழலொன்றும் மெல்லிய குழலொன்றும் எடுத்து, வெறுங்காற்றை உறிஞ்சிப் பாருங்கள். பருத்ததில் மூச்சு எளிதாக வரும்; மெல்லியதில் திணறும். இங்கே வாய் குறுகியதும் காற்றின் அளவே குறைந்துவிட்டது. முன்னதற்கு இது முரண் அன்றோ? முரண் அன்று. அங்கே தள்ளியது அடுப்பு, அது விட்டுக்கொடுக்காது. இங்கே இழுப்பது நம் மார்பு. அதன் வலிமைக்கு ஓர் எல்லை உண்டு. மெல்லிய குழலில் அமைதியாகச் செல்லும் ஓட்டத்துக்குப் பிரெஞ்சு மருத்துவர் பாய்சொய் 1840களில் ஒரு விதி கண்டார். அழுத்தமும் நீளமும் மாறாதிருக்க, துளையின் அகலம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்!

இளைப்பு நோயாளியின் துன்பம் இதனால் விளங்கும். அவருடைய மூச்சுக்குழல்கள் சற்றே சுருங்கினாலும் காற்று பெரிதும் குறைகிறது. இளைப்புக்கு ஆவி மருந்தன்று; மருத்துவர் தரும் இன்ஹேலரே துணை. அதன் வாயும் துளைகளும் அளவறிந்து அமைக்கப்பட்டவை. இழுப்பது எளிதாகட்டும் என்று அவற்றைக் குடைந்து பெரிதாக்குவதும், விரலால் அடைப்பதும் தவறு.

பட்டாசு செய்யும் பகுதியில் வாழும் உங்களுக்கு இன்னொரு சொல். புஸ்வாணமும் அடுப்பின் இனமே. உள்ளே மருந்து எரியுந்தோறும் வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும். வாய் அடைபட்டால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் எரிதலும் விரையும். முடிவில் கூடு வெடிக்கும். எனவே, எரியாது நின்ற புஸ்வாணத்தின் மீது குனிந்து பார்ப்பது பேதைமை.

மாணவர்களே, எந்தக் குழலைக் கண்டாலும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் ஓட்டத்தைச் செலுத்துவது எது? விட்டுக்கொடுக்காத நெருப்பா, எல்லையுள்ள மூச்சா? முன்னதாயின் குறுகிய வாய் ஆபத்து. பின்னதாயின் குறுகிய வாய் தடை. வேப்பரைசரின் வாயையும் குறுக்காதீர்கள். முகத்தைச் சற்று எட்டவே வையுங்கள். சிறு குழந்தைகளைக் கொதிநீரின் அருகே விடாதீர்கள்.

என் தம்பியின் மேலுதட்டுத் தழும்பை மீசை மறைத்துவிட்டது. நான் மறக்கவில்லை. வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்திய ஒவ்வோர் ஆண்டும் அவனை நினைத்தே நடத்தினேன்.