ஒரு புதுப் புட்டாவின் விலை

துணிந்தவர் முன்னுக்கு வருவார் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கமண்டல நாகநதிக் கரையில், ஆரணித் தறியடியில் நின்று பார்த்தால் அந்தப் பேச்சு போதாது என்று தெரியும். துணிச்சலுக்கு அங்கே பஞ்சமில்லை. துணிந்து தோற்றால் நட்டம் யார் தலையில் விழும் என்பதுதான் கேள்வி.

ஆரணியில் பலர் கூலிக்கு நெய்கிறவர்கள். பட்டும் ஜரிகையும் முதலாளி தருவார். டிசைனையும் அவரே சொல்வார். பாவு, அதாவது நீளவாக்கு இழை, தீர்ந்தால் விரலில் சாம்பலைத் தொட்டுப் பழைய இழையின் நுனியோடு புது இழையை முறுக்கிப் புணைக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான இழைகள். புதுப் புட்டா, அதாவது சேலையில் நெய்யும் பூ உருவம், வேண்டுமென்றால் அதை வரைந்து, ஜக்கார்டு கருவியின் அட்டையில் துளையிட்டு, அட்டைகளைக் கோத்து ஏற்ற வேண்டும். அதுவரை தறி நிற்கும், கூலியும் நிற்கும். மழையில் குழித்தறிக்குள் நீர் ஊறும் நாட்களும் நெசவாளர் கணக்கில்தான் சேரும். முன்பணம் வாங்கியவர் வேறிடம் போகவும் முடியாது. பட்டு விலை ஏறி இறங்கும் ஆபத்தை முதலாளி சுமக்கவில்லையா என்று கேட்பீர்கள். சுமக்கிறார், உண்மை. ஆனால் விலை ஏறும்போது அவருக்கு லாபம் உண்டு, நின்ற தறிக்கு எதுவும் இல்லை. ஆபத்து ஒருவருக்கு, முடிவெடுக்கும் உரிமை இன்னொருவருக்கு என்றிருக்கும் தொழிலில் புதுமை எப்படிப் பிறக்கும்?

நட்டத்தைப் பங்கிட ஒரு வழி உண்டு. இங்கிலாந்தின் ராச்டேல் என்ற நெசவு ஊரில் 1844-இல் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டுக் கூட்டுறவுக் கடை திறந்தார்கள். தனியாகத் தாங்க முடியாத நட்டத்தை 28 பங்காக்கினார்கள். நிர்வாகத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு வைத்தார்கள். நம்மிடமும் 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது, 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் வந்தது. கூட்டுறவில் தேக்கமும் அரசியலும் புகுந்துவிட்டன என்பார்கள். பல இடங்களில் அது மெய்தான், மறுக்கமாட்டேன். உறுப்பினர் வாய் திறக்க முடியாத சங்கம் இன்னொரு முதலாளி, அவ்வளவுதான். குறை, பங்கிட்டதில் இல்லை. பேச்சுரிமையைப் பறித்ததில் இருக்கிறது.

நட்டத்தைப் போல டிசைனையும் ஊரறியப் பகிர்ந்தால் மற்றவர் நகலெடுப்பாரே என்பது இதைவிடக் கனமான கேள்வி. ஜக்கார்டு என்பவர் 1804-இல் பிரான்சின் லியோனில் தந்த கருவிக்கு முன்னாலேயே பூஷோன், ஃபால்கன், வோகான்சோன் என்று மூவர் துளையிட்ட தாளிலும் அட்டையிலும் முயன்றிருந்தார்கள். அந்த அறிவு பூட்டிக் கிடந்திருந்தால் இன்று ஆரணியில் ஜக்கார்டு ஏது? அதே சமயம், முதலில் முயன்றவர் பட்டினி கிடக்கவும் கூடாது. ஆரணிப் பட்டின் புவிசார் குறியீடு ஊர்ப் பெயரைக் காக்கும். புது டிசைனுக்காகத் தறி நின்ற நாட்களின் கூலியைத் தராது.

தமிழ்ச் சங்கத்து உறவுகளே, அந்தக் கூலியைத்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த ஆண்டு விழாவுக்கு வாங்கும் சேலைகளில் சிலவற்றை, டிசைனை நெசவாளரே தீர்மானிக்கட்டும் என்று விட்டு, முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். அட்டை வெட்டும் செலவையும் தறி நிற்கும் நாட்களின் கூலியையும் தமிழ்ச் சங்கம் ஏற்கட்டும். சேலை சரியாக வராவிட்டாலும் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள்.